கப்பல் கட்டும் தளத்து அறிக்கை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டுமா?

ஜனவரி 6, வாசகர் ஒருவர் கேட்டது

ஒரு பிளாக்கின் (தனியாகக் கட்டிப் பிறகு கப்பலோடு இணைக்கும் பெரிய துண்டு) வெல்டிங் பரிசோதனைக்கு 14 பக்க அறிக்கை வருகிறது. ஃபோர்மேன் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை. சர்வேயர் (கப்பலைச் சோதித்து ஒப்புதல் தருபவர்) நேராகக் கடைசிப் பக்கத்துக் கையெழுத்துக்குப் போய்விடுகிறார். நடுவில் உள்ள 12 பக்கம் யாருக்கு? எந்த அறிக்கையானாலும் ஒரு பக்கம், நான்கு படம் என்று விதி போட்டால் வேலை வேகமாக நகரும் என்பது என் வாதம்.

ஜனவரி 6, இரவு

பாதி சரி. முதல் பக்கம் முடிவு எடுப்பவருக்கு. மீதிப் பக்கங்கள், நாளைக்கு அதே இடத்தில் அதே அளவை மறுபடி எடுத்துப் பார்க்கப் போகிறவருக்கு. அந்த இரண்டாவது ஆள் இன்றைக்குக் கண்ணில் படமாட்டார். ஆறு மாதம் கழித்து வாரன்டி கேள்வி எழும்போதும், ஐந்து வருடம் கழித்து, கப்பலை உலர்துறையில் ஏற்றிப் பார்க்கும் டாக்கிங் சர்வேயின்போதும் வருவார். அவருக்கு வேண்டியதை வெட்டினால், மிச்சமிருக்கும் ஒரு பக்கத்தைச் சரிபார்க்க வழியே இல்லை.

முதல் பக்கத்தில் வேண்டியவை: எந்த ஹல் எண் (தளம் அந்தக் கப்பலுக்குக் கொடுத்த எண்), எந்தப் பிளாக், எந்த வரைபடம், அதன் ரிவிஷன் எண், எது பரிசோதிக்கப்பட்டது, எத்தனை மீட்டர், முடிவு என்ன, எது திறந்தே நிற்கிறது, அதை யார் எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும். இதற்கு அரைப்பக்கம் தாராளம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். (நிமிர்ந்த கப்பலில் முன்பக்கம் பார்த்து நின்றால் வலப்பக்கம் ஸ்டார்போர்டு, இடப்பக்கம் போர்ட்.) "ஸ்டார்போர்டு பக்க வெல்டிங்கில் சில குறைகள் காணப்பட்டன, சரிசெய்யப்பட வேண்டும்." இதைப் படித்த வெல்டர் எங்கே போய் நிற்பார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "பிளாக் 214, ஸ்டார்போர்டு பக்கத் தகடு, ஃபிரேம் 72-க்கு முன்னால் 310 மி.மீ.யில் உள்ள பட் வெல்ட். 9ஆம் லாஞ்சிடியூடினலிலிருந்து டெக் பக்கமாக 140 மி.மீ.யில் தொடங்கி 35 மி.மீ. நீளத்துக்கு லேக் ஆஃப் ஃப்யூஷன், வெளிப்பரப்பிலிருந்து 8 மி.மீ. ஆழத்தில். ஏற்க முடியாது. வெளியிலிருந்து கவுஜ் செய்து மறு வெல்டிங், பிறகு இரு முனையிலும் நீட்டித்து அல்ட்ராசோனிக்." (ஃபிரேம் குறுக்குவாட்டு விலா, லாஞ்சிடியூடினல் நீளவாட்டு விறைப்புக் கம்பி, லேக் ஆஃப் ஃப்யூஷன் உலோகம் உருகி ஒட்டாத இடம், கவுஜ் என்பது தோண்டி எடுப்பது.) நீளம்தான். ஆனால் இதற்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்புகூடத் தேவைப்படாது.

ஜனவரி 7

இடம் குறிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது.

ஃபிரேம் எண் பெரும்பாலான வரைபடங்களில் பின் செங்குத்துக் கோட்டில் 0 என்று தொடங்கி முன்னோக்கி ஏறும். முன்னிருந்து எண்ணும் வரைபடங்களும் உண்டு. எது என்று முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டுவிட்டால் போதும். லாஞ்சிடியூடினல் மையக்கோட்டிலிருந்து வெளிப்புறமாக எண்ணப்படுகிறதா, பக்கத் தகட்டில் கீழிருந்து மேலா என்பதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

"இடது", "வலது" என்ற சொற்கள் அறிக்கையில் வரவே கூடாது. பிளாக்குகள் பல கவிழ்த்துப்போட்டுக் கட்டப்படுகின்றன. டெக் கீழே, அடித்தகடு மேலே. அந்த நிலையில் முன்பக்கம் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது ஸ்டார்போர்டு. போர்ட், ஸ்டார்போர்டு இரண்டும் கப்பலைச் சேர்ந்த சொற்கள், பார்ப்பவரைச் சேர்ந்தவை அல்ல. பிளாக்கைத் திருப்பிய பிறகும் அவை மாறுவதில்லை. "மேலே", "கீழே" கூட இதே குழியில் விழும் சொற்கள்தான். "டெக் பக்கம்", "கீல் பக்கம்" (கீல் என்பது கப்பலின் அடிமையத்து நெடுந்தகடு) என்று எழுதுங்கள்.

ஜனவரி 7, மாலை

படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு குறைக்கு இரண்டு படம்: ஒன்று எட்ட நின்று, பக்கத்து ஸ்டிஃபனரும் (தகட்டை விறைப்பாக்கும் கம்பி) தெரியும்படி, ஒன்று கிட்டத்தில், அளவுகோல் வைத்து. எடுக்கும் முன் தகட்டில் சாக்பீஸால் ஃபிரேம் எண்ணும், முன்பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறியும். இந்த மூன்றும் இல்லாத கிட்டத்துப் படம் எந்தக் கப்பலின் எந்த வெல்டாகவும் இருக்கலாம். நல்ல வெல்டின் படங்களை அறிக்கையில் சேர்க்காதீர்கள். அங்கேதான் பக்கங்கள் வீங்குகின்றன.

ஜனவரி 9

அலகுகள்.

"டன்" என்று மட்டும் எழுதிய அறிக்கையை நம்ப முடியாது. மெட்ரிக் டன் 1000 கிலோ, லாங் டன் 1016 கிலோ, ஷார்ட் டன் 907 கிலோ. பழைய வரைபடத்திலிருந்து எடையை எடுக்கும்போது இது கடிக்கும். இன்னொன்று, கிராஸ் டன்னேஜ் எடையே அல்ல. 1969 டன்னேஜ் உடன்படிக்கைப்படி அது கொள்ளளவிலிருந்து கணக்கிட்ட அலகில்லாத எண். "5000 கிராஸ் டன் எடையுள்ள கப்பல்" என்று ஓர் அறிக்கையில் பார்த்தால், அதை எழுதியவரின் மற்ற எண்களையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

டிராஃப்ட், அதாவது கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம், இதைவிட நுணுக்கமானது. மோல்டட் டிராஃப்ட் கீல் தகட்டின் மேல்பரப்பிலிருந்து. கப்பலின் பக்கத்தில் எழுதிய டிராஃப்ட் மார்க் பொதுவாகக் கீலின் அடிப்பரப்பிலிருந்து. வித்தியாசம் கீல் தகட்டின் தடிமன் மட்டுமே, 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு செ.மீ. அமிழ 20 டன் வேண்டும் என்ற கப்பலில் அந்த 15 மி.மீ. 30 டன். ஹைட்ரோஸ்டாட்டிக் அட்டவணை (ஒவ்வொரு டிராஃப்டுக்கும் கப்பலின் எடையைக் காட்டுவது) எந்த டிராஃப்டுக்கு வரையப்பட்டது என்று பார்க்காமல் எண்ணை உள்ளே விட்டால், இல்லாத 30 டன் கப்பலில் ஏறிவிடும்.

1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா கப்பலில் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு 12 அங்குல ஸ்வீடன் அடி, இரண்டு 11 அங்குல ஆம்ஸ்டர்டாம் அடி. கப்பல் மூழ்கியதற்குக் காரணம் அந்த அளவுகோல்கள் அல்ல. மேல்பாரம் அதிகம், ஸ்டெபிலிட்டி போதவில்லை. ஆனாலும் ஒரே கப்பலில் இரண்டு "அடி" இருந்தது என்பது அலகை எழுதாத ஒவ்வொரு அறிக்கையையும் பார்க்கும்போது நினைவுக்கு வருகிறது.

ஜனவரி 10

மேலே சொன்ன 20 டன் கணக்கு 1.025 அடர்த்தியுள்ள கடல்நீருக்கு. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஆற்று முகத்தில் உள்ள அவுட்ஃபிட்டிங் ஜெட்டியில் (மிதக்கும் கப்பலுக்குக் கருவிகள் பொருத்தும் துறை) நீர் 1.015 என்றால், அட்டவணையில் 6000 டன் காட்டும் டிராஃப்டில் கப்பல் உண்மையில் ஏறக்குறைய 5941 டன்தான். அடர்த்தி 0.010 மாறினால் 59 டன் போய்விடுகிறது. அதனால் நீர் மாதிரி எந்த ஆழத்தில், கப்பலின் எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதும் அறிக்கையில் வேண்டும். மேல்மட்ட நீர் நன்னீராகவும் அடியில் உப்பு நீராகவும் இருக்கும் இடங்களில் ஒரே ஒரு வாளி நீர் பொய் சொல்லும்.

ஜனவரி 12

இன்கிளைனிங் சோதனை (எடையை நகர்த்திக் கப்பலைச் சற்றே சாய்த்து ஸ்டெபிலிட்டியை அளப்பது) அறிக்கையை எப்படிச் சுருக்குவது என்று ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கக்கூடாத அறிக்கை என்று ஒன்றைத்தான் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். கப்பலின் ஆயுள் முழுக்க ஒவ்வொரு லோடிங் கணக்கும் இதில் வரும் லைட்ஷிப் எடையின் (சரக்கும் எரிபொருளும் இல்லாத வெறும் கப்பலின் எடை) மேலும் அதன் ஈர்ப்பு மையத்தின் மேலும்தான் நிற்கிறது.

கணக்கு எளிது. நகர்த்திய எடை பெருக்கல் நகர்த்திய தூரம். அதை டிஸ்பிளேஸ்மென்ட் (மிதக்கும் கப்பலின் மொத்த எடை) பெருக்கல் சாய்வின் டான்ஜென்டால் வகுத்தால் ஜிஎம், அதாவது சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிரும் திறனைக் காட்டும் உயரம். 20 டன்னை 12 மீட்டர் நகர்த்துகிறோம், டிஸ்பிளேஸ்மென்ட் 6000 டன், 6 மீட்டர் பெண்டுலம் 150 மி.மீ. விலகுகிறது என்றால் டான்ஜென்ட் 0.025, ஜிஎம் 1.60 மீட்டர். அதே பெண்டுலத்தை 155 என்று படித்தால் 1.55. ஊசலாடும் நூலில் 5 மி.மீ. கண் தவறினால் ஜிஎம் 5 செ.மீ. மாறுகிறது. ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) வழிகாட்டுதல் குறைந்தது 15 செ.மீ. விலகல் கேட்பதும், மூன்று பெண்டுலம் கேட்பதும் இதனால்தான். பெண்டுலத்தின் அடி, ஆட்டத்தைத் தணிக்கும் எண்ணெய்த் தொட்டியில் இருந்ததா, நூலின் நீளம் எங்கிருந்து எதுவரை அளக்கப்பட்டது என்பவை அட்டவணையில் இல்லாவிட்டால் அந்த 150-க்கு மதிப்பில்லை.

அடுத்து, யாரும் விரும்பி எழுதாத பட்டியல்: அன்றைக்குக் கப்பலில் இருக்கக்கூடாதவை ஆனாலும் இருந்தவை, இருந்திருக்க வேண்டியும் இல்லாதவை. ஸ்டேஜிங் குழாய்கள், வெல்டிங் மெஷின்கள், கேபிள் சுருள்கள், வந்து சேராத லைஃப்போட். ஒவ்வொன்றுக்கும் எடை, நீளவாக்கில் இடம், மையக்கோட்டிலிருந்து தூரம், உயரம். "இதர பொருட்கள், சுமார் 15 டன்" என்ற வரி இந்தப் பட்டியலையே கெடுத்துவிடும். 15 டன் கீழே டேங்க் டாப்பில் இருந்ததா, உயரே பிரிட்ஜ் டெக்கில் இருந்ததா? வழிகாட்டுதல், வரவேண்டிய எடை லைட்ஷிப்பில் 2 சதவீதத்தையும், இறக்கவேண்டிய எடை திரவ பேலஸ்ட் (கப்பலைச் சமநிலைப்படுத்த ஏற்றும் நீர்) நீங்கலாக 4 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்கிறது. தாண்டுகிறது என்று தெரிந்தால் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் மலிவான வழி.

டேங்குகள்: காலி அல்லது முழுக்க அழுத்தி நிரப்பியது. இரண்டும் இல்லாதவற்றுக்கு சவுண்டிங் (டேங்கில் திரவத்தின் ஆழத்தை அளப்பது), திரவத்தின் அடர்த்தி, ஃப்ரீ சர்ஃபேஸ் (பாதி நிரம்பிய டேங்கில் திரவம் சரிந்து ஸ்டெபிலிட்டியைக் குறைப்பது) கணக்கு. "காலி" என்று எழுதும் முன் சவுண்டிங் எடுத்தீர்களா அல்லது பம்ப் காற்றை இழுத்தவுடன் எழுதினீர்களா என்பதையும் குறித்துவிடுங்கள்.

ஜனவரி 13

ஒருவர் சரியாகவே பிடித்தார்: ஒரு பெண்டுலத்தின் ஒரு வாசிப்பை வைத்து ஜிஎம் சொல்வதில்லை. ஒப்புக்கொள்கிறேன். உணர்திறனைக் காட்டவே அந்த எண்கள். எடை நகர்வு எட்டு தடவை நடக்கும். ஒவ்வொன்றுக்கும் மொமென்ட்டை ஓர் அச்சிலும் டான்ஜென்ட்டை மற்றொன்றிலும் வைத்து வரைந்து, அந்தக் கோட்டின் சரிவிலிருந்துதான் ஜிஎம்.

அதோடு சேர்த்து ஒன்று. அறிக்கையில் சராசரியை மட்டும் போட்டு வரைபடத்தை விட்டுவிடுகிறார்கள். வரைபடம்தான் அன்று நடந்ததைச் சொல்லும். புள்ளிகள் ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் மூரிங் கயிறு இறுகியிருக்கலாம், கேங்வே தடுத்திருக்கலாம், அடித்தகடு சேற்றைத் தொட்டிருக்கலாம். ஒரே ஒரு புள்ளி விலகினால் அந்த நேரத்தில் காற்று வீசியதா என்று குறிப்பைப் பார்க்கலாம். விலகிய புள்ளியை அழித்துவிட்டு அழகான நேர்கோடு கொடுப்பவர்களும் உண்டு. புள்ளியை விடுங்கள், பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். கணக்கில் சேர்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

ஜனவரி 15

பெயின்டிங் அறிக்கைக்கு வருவோம். சராசரி என்ற சொல் இங்கேயும் கெடுக்கும்.

கடல்நீர் பேலஸ்ட் டேங்குகளுக்கான ஐஎம்ஓ தரம் 2006இல் வந்த எம்எஸ்சி.215(82). உலர்ந்த பூச்சுத் தடிமன் 320 மைக்ரான், 90/10 விதிப்படி. அதாவது 90 சதவீத அளவீடுகள் 320 அல்லது அதற்கு மேல். மீதி 10 சதவீதத்தில் எதுவும் 288-க்குக் கீழே போகக்கூடாது. 20 அளவீடுகளின் சராசரி 360 என்று ஓர் அறிக்கை சொல்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று அளவீடுகள் 320-க்குக் கீழ். 15 சதவீதம். தோல்வி. இன்னொன்றில் ஒரே ஒரு அளவீடுதான் குறைவு, ஆனால் அது 280. அதுவும் தோல்வி. சராசரி இரண்டையும் மறைத்தது. ஆகவே அறிக்கையில் வேண்டிய எண்கள்: மொத்த அளவீடுகள், 320-க்குக் கீழ் எத்தனை, மிகக் குறைந்தது எது, அது எந்த இடம். சராசரி தேவையே இல்லை என்பேன்.

தட்டையான பரப்பில் 5 சதுர மீட்டருக்கு ஓர் அளவீடு. ஆனால் பூச்சு முதலில் உரிவது விளிம்புகளிலும், வெல்ட் ஓரங்களிலும், ஸ்காலப் (வெல்ட் கடந்துபோகத் தகட்டில் வெட்டிய வளைவு) ஓட்டைகளிலும். ஸ்டிரைப் கோட் (அந்த இடங்களுக்குத் தனியாக அடிக்கும் கூடுதல் பூச்சு) அடித்த தேதியும் நேரமும் இல்லாத அறிக்கை அந்த இடங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று அர்த்தம்.

வானிலைப் பதிவு: ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் கூடாது, தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்க வேண்டும். காலை 8 மணிக்கு எடுத்த ஓர் அளவை வைத்து மாலை 5 மணிக்கு அடித்த கோட்டை நியாயப்படுத்த முடியாது. தகடு 24 டிகிரி, பனிநிலை 22 என்றால் ஈரப்பதம் எவ்வளவாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். காற்றின் வெப்பத்தை மட்டும் எழுதித் தகட்டின் வெப்பத்தை விட்டுவிடுவது மிகவும் பரவலான குறை.

ஜனவரி 16

"சரிசெய்யப்பட்டது."

இந்த ஒரு சொல்லை அறிக்கைகளிலிருந்து நீக்கினால் பாதிச் சண்டை தீரும். யார் செய்தார், எப்படிச் செய்தார், பிறகு அளந்தது யார்? ஃபில்லெட் வெல்டில் (மூலையில் சேரும் இரண்டு தகடுகளின் வெல்ட்) தகடுகளுக்கு நடுவே இடைவெளி 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐஏசிஎஸ் (கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு) 47ஆம் பரிந்துரைப்படி வழக்கமான அளவு 2 வரை, வரம்பு 3. 3-க்கு மேல் 5 வரை என்றால் வெல்டின் கால் நீளத்தை (மூலையிலிருந்து தகட்டின் மேல் அது பரவும் அளவு), விதி கேட்கும் நீளத்தோடு இடைவெளியில் 2 கழித்த மீதியைக் கூட்டிப் போட வேண்டும். இங்கே கூடுதல் 2 மி.மீ. எழுத வேண்டியது: "இடைவெளி 4 மி.மீ., ஃபிரேம் 40 முதல் 41 வரை, 600 மி.மீ. நீளம். கால் நீளம் 5-லிருந்து 7 ஆக்கப்பட்டது. வெல்டிங்குக்குப் பின் கேஜால் அளந்தது 7 முதல் 7.5." மூன்று வாக்கியம். சர்வேயர் மறுபடி ஏணியில் ஏற வேண்டியதில்லை.

ஜனவரி 18

டேங்க் காற்றழுத்தச் சோதனை. சிறிய குறிப்பு. அழுத்தத்தை 0.20 பார் வரை ஏற்றி, சுற்றிலும் ஆட்களைக் குறைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்து, பிறகு 0.15-க்கு இறக்கிய பின்தான் சோப்பு நீரோடு கிட்டே போக வேண்டும். அறிக்கையில் இரண்டு அழுத்தமும் நான்கு நேரமும் வேண்டும்: ஏற்றி முடித்தது, இறக்கியது, பரிசோதனை தொடங்கியது, முடிந்தது. "0.2 பாரில் சோதிக்கப்பட்டது, கசிவு இல்லை" என்றால் 0.2-இல் ஆட்கள் தகட்டருகே நின்றார்களா என்ற கேள்வி வரும்.

"கசிவு இல்லை" என்பதைவிட மதிப்புள்ள வரி ஒன்று உண்டு: பார்க்காதது எது. ஸ்டேஜிங் எட்டாத மேல் மூலை, முன்கூட்டியே பெயின்ட் ஏறிவிட்ட இரண்டு மீட்டர் வெல்ட், குழாய் மறைத்த பெனெட்ரேஷன் (தகட்டைத் துளைத்துப் போகும் இடம்). அந்த மூன்றையும் எழுதினால் அறிக்கை பலவீனமாகத் தெரியும் என்று பயப்படுகிறார்கள். எழுதாவிட்டால் அவற்றையும் பார்த்ததாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார். அவர்மேல் தப்பில்லை.

ஜனவரி 21

முதல் நாள் சொன்ன "முடிவு முதல் பக்கத்தில்" என்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது. வெல்டிங்குக்குப் பொருந்தும். கடல் சோதனை வேகத்துக்கு அப்படியே பொருந்தாது.

முதல் பக்கத்தில் "வேகம் 15.2 நாட்" என்று தனியாக நின்றால், அந்த எண்ணை யாரோ வெட்டி வேறு கடிதத்தில் ஒட்டுவார்கள். எந்த டிராஃப்டில், எஞ்சின் எத்தனை கிலோவாட்டில், எந்தக் காற்றில் என்பதெல்லாம் 7ஆம் பக்கத்திலேயே தங்கிவிடும். சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் பேலஸ்ட் டிராஃப்டில் சோதிக்கப்படுகின்றன. ஒப்பந்த வேகமோ டிசைன் டிராஃப்டுக்கு. நடுவில் மாடல் டெஸ்ட் முடிவை வைத்து மாற்றும் ஒரு கணக்கு உண்டு. அளந்த வேகம், திருத்திய வேகம், மாற்றிய வேகம் மூன்றும் மூன்று வேறு எண்கள். மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து அறிக்கை முழுக்க அதே பெயரால் அழையுங்கள். ஒரு பக்கத்தில் "டிரையல் ஸ்பீட்", இன்னொன்றில் "அடைந்த வேகம்" என்று பெயர் மாறினால் படிப்பவர் நான்காவது எண் ஒன்று இருப்பதாகத் தேடுவார்.

எதிரெதிர்த் திசையில் இரட்டை ஓட்டம் ஏன் என்பதும் எண்களிலேயே தெரிய வேண்டும். ஒரு திசையில் 16.1, எதிர்த்திசையில் 14.3, சராசரி 15.2. நீரோட்டம் தோராயமாக 0.9. இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே அதிக நேரம் கடந்தால் நீரோட்டமே மாறிவிடும், சராசரி அதை நீக்காது. ஐஎஸ்ஓ 15016 முறைப்படி கணக்கிட்டேன் என்று மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்க நேரம், திசை, ஷாஃப்ட் சுற்று, டார்க் மீட்டர் வாசிப்பு, காற்றின் வேகமும் திசையும், அலையின் உயரம், நீரின் ஆழம் ஆகியவை ஒரே அட்டவணையில் இருந்தால்தான் இன்னொருவர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட முடியும்.

ஆக, திருத்திய விதி: எந்த எண் முதல் பக்கத்துக்கு வருகிறதோ, அதன் நிபந்தனையும் அதே வாக்கியத்தில் வர வேண்டும்.

ஜனவரி 22

சிஸ்டர் ஷிப் (அதே வடிவமைப்பில் கட்டிய இன்னொரு கப்பல்) அறிக்கையை நகலெடுத்து ஹல் எண்ணை மாற்றுவது பற்றி. வேகமான வழி, ஆபத்தான வழியும் அதுவே. பழைய எண் ஒன்று எங்காவது மிஞ்சும், பெரும்பாலும் அடிக்குறிப்பிலோ படத்தின் தலைப்பிலோ. அதைவிட மோசம், பழைய அளவு ஒன்று புது அளவுபோலவே நின்றுவிடுவது. எண் தவறு என்றால் கண்ணில் படும். நம்பத்தகுந்த பழைய அளவு படாது.

நகலெடுப்பதானால் படிவத்தை மட்டும் நகலெடுங்கள். முடிவுக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருக்க வேண்டும். "ஏற்கத்தக்கது" என்று முன்பே அச்சிட்ட படிவத்தைத் தூக்கி எறியுங்கள். அளவு எடுக்கும் இடத்திலேயே, தகட்டருகே நின்று, அட்டவணையை நிரப்பிவிட்டால் அலுவலகத்தில் எழுத வேண்டியது ஐந்தாறு வாக்கியம்தான். மாலையில் நினைவிலிருந்து எழுதும் அறிக்கைக்கு இரண்டு மணி நேரமும் மூன்று சந்தேகமும் ஆகும்.

ஜனவரி 23

14 பக்க அறிக்கையை அனுப்பியவருக்கு. பார்த்தேன். எடுத்துவிட வேண்டியவை: நோக்கம் என்ற தலைப்பில் உள்ள முக்கால் பக்கம், தர விதியிலிருந்து அப்படியே நகலெடுத்த இரண்டு பக்கம் (விதியின் எண்ணும் வருடமும் போதும்), நல்ல வெல்டுகளின் படங்கள் நான்கு பக்கம், இரண்டு தடவை வரும் அதே சுருக்கம். மிஞ்சுவது ஆறு பக்கம். அதில் தொடாமல் விட வேண்டியவை: கருவியின் எண்ணும் கேலிப்ரேஷன் தேதியும், புரோப் கோணமும் அலைவரிசையும், பிளாக்கின் ஓவியத்தில் குறித்த வெல்ட் எண்கள், முழு அளவீட்டு அட்டவணை.

ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. 8ஆம் வெல்டுக்கு ரிப்பேர் என்று இருக்கிறது, மறுபரிசோதனையின் முடிவு எங்கேயும் இல்லை. ரிவிஷன் 1 என்று எண் போட்டு, மாறிய வரியின் ஓரத்தில் கோடு இழுத்து, பழைய முடிவை அழிக்காமல் அதன் கீழே புது முடிவைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். அந்த வெல்ட் மூடாத வரை பிளாக் 214 பெயின்ட் ஷாப்புக்குப் போகக்கூடாது.